துர்கோ தோற்றது பிரபுக்களால் மட்டுமா?

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீர்திருத்தங்கள் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயியின் நிதியமைச்சர் துர்கோவைப் பிரபுக்கள் கவிழ்த்தார்கள் என்று அதில் ஒரே வரியில் முடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. 1774 செப்டம்பரில் தானிய வணிகத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகளை அவர் நீக்கினார். கொள்கை சரி, நேரம்தான் மோசம். அந்த வருடம் விளைச்சல் குறைவு. 1775 வசந்தத்தில் ரொட்டி விலை எகிற, பாரிஸைச் சுற்றியுள்ள சந்தைகளில் கலவரம். அதை வெறும் கொள்ளை என்று சொல்ல முடியாது. பல இடங்களில் மக்கள் தாங்களே ஒரு நியாய விலையை வைத்து, அந்தக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் தானியத்தை எடுத்துப் போனார்கள். 'மாவுப் போர்' என்று பெயரே வந்துவிட்டது. பாரிஸில் விக் செய்பவர் ஒருவரையும் நெசவுத் தொழிலாளி ஒருவரையும் அரசு தூக்கிலிட்டது. மக்கள் ஆதரவு அப்போதே கரைந்துவிட்டது. அப்புறம், சாலை வேலைக்கு விவசாயிகளைக் கூலியில்லாமல் இழுக்கும் வழக்கத்தை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர்கள் மீது வரி போட்டபோதுதான் பிரபுக்கள் முழுமூச்சாக இறங்கினார்கள். 1776 மே மாதம் பதவி போனது.

இதே காலத்தில் இத்தாலியப் பகுதியான டஸ்கனியை ஆண்ட கோமகன் லியோபோல்டு, பஞ்சத்தைக் கண்ட பிறகும், 1767 முதல் தானிய வணிகத்தைப் படிப்படியாகத்தான் திறந்தார். (1786இல் மரண தண்டனையை ஒழித்தவரும் இவர்தான்.) கட்டுரையில் அவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.