மெக்கானிக்கைக் கண்டால் வாய் மூடும் கார்

(விடியற்காலை. வெளியே 4 டிகிரி. ஓட்டுநர் இருக்கையில் மாமனார், பக்கத்தில் மாப்பிள்ளை. இந்த நேரத்தில் ஒரு மாப்பிள்ளையைப் போர்வைக்குள்ளிருந்து இழுத்து வருகிற உரிமை உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.)

மாமனார்: மாப்பிள்ளை, பேசாமல் கேளுங்கள். மூச்சுகூட மெதுவாக விடுங்கள்.

மாப்பிள்ளை: இன்னும் வண்டியையே எடுக்கவில்லையே மாமா.

மாமனார்: முன்னெச்சரிக்கைதான். இந்தச் சத்தத்துக்கு ஆள் வாடை ஆகாது. மூன்று முறை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மூன்று முறையும் ஒர்க்‌ஷாப் வாசலில் பச்சைப்பிள்ளை மாதிரி அடங்கிவிட்டது. கடைசி முறை அவர் காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

மாப்பிள்ளை: போனில் பதிவு செய்து காட்டியிருக்கலாமே?

மாமனார்: செய்தேனே. 6 நிமிடம் இருக்கிறது. முழுக்க என் குரல்தான். "இதோ, இதோ, கேட்டதா? இதோ."

மாப்பிள்ளை: சரி, எப்படிப்பட்ட சத்தம்?

மாமனார்: (சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுக்கிறார்.) மூன்று புகார். ஒன்று, 'கிரீஈச்'. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது வரும். பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுப்பது போல. இரண்டு, 'டொக்டொக்'. சின்னச் சின்னப் பள்ளங்களில். மூன்றாவது சத்தமே இல்லை, அடி. நேராக முதுகெலும்பில் இறங்குகிறது.

மாப்பிள்ளை: கிரீச் எப்போது நிற்கும்?

மாமனார்: கால் மணி நேரத்தில். ஒர்க்‌ஷாப் எவ்வளவு தூரம்? கால் மணி நேரம். இதில் ஏதோ சதி இருக்கிறது.

மாப்பிள்ளை: சதியெல்லாம் இல்லை மாமா, சூடு. முன்சக்கரம் இரண்டுக்கும் இடையே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். ஸ்டெபிலைசர் பார். வளைவில் வண்டி ரொம்பச் சாயாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அந்தக் கம்பியை அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது இரண்டு ரப்பர் புஷ். குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். ஒரு சக்கரம் வேகத்தடையில் ஏறும்போது கம்பி முறுக்கிக்கொண்டு திரும்பும். விறைத்த ரப்பர் அதை ஒட்டிப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். அதுதான் கிரீச். கொஞ்ச தூரம் ஓடியதும் ரப்பர் இளகிவிடும், சத்தமும் போய்விடும்.

மாமனார்: ரப்பருக்கு இது புது வியாதியா?

மாப்பிள்ளை: பரம்பரை வியாதி. 1830களில் ரப்பரில் செருப்பு, பை எல்லாம் செய்து பார்த்தார்கள். வெயிலில் பிசுபிசுவென்று ஒட்டியது, குளிரில் கட்டையாகி விரிசல் விட்டது. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் அடங்கும் என்று கண்டுபிடித்தார். 1844இல் காப்புரிமையும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் ரப்பருக்குக் கொஞ்சம் பொறுப்பு வந்தது.

மாமனார்: பெரிய பணக்காரராக ஆகியிருப்பாரே?

மாப்பிள்ளை: கடனோடுதான் செத்தார்.

மாமனார்: ரப்பர் சமாச்சாரத்தில் இறங்கினால் அப்படித்தான். சரி, போகலாம்.

(இன்ஜின் கிளம்புகிறது. முதல் திருப்பத்தில் டேஷ்போர்டிலிருந்து 'கிறுக்' என்று ஒரு சத்தம்.)

மாமனார்: இதோ!

மாப்பிள்ளை: அது பிளாஸ்டிக் மாமா. குளிரில் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். பொருத்திய இடத்தில் ஒன்றோடொன்று உரசும்.

மாமனார்: அப்படியானால் நான்காவது புகார். (ஒரு கையால் நோட்டைத் தேடுகிறார்.)

மாப்பிள்ளை: ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள், நான் எழுதுகிறேன்.

(ஒரு பள்ளம். இருவரும் இருக்கையிலிருந்து ஒரு சாண் எழும்பி இறங்குகிறார்கள்.)

மாப்பிள்ளை: அம்மா!

மாமனார்: (திருப்தியாக) மூன்றாவது புகார். இப்போது நம்புகிறீர்களா?

மாப்பிள்ளை: நம்புகிறேன். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கிற எண்ணெயும் குளிரில் கெட்டியாகும். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த எண்ணெய் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக நுழைந்து வர வேண்டும். கெட்டியான எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் நுழையுமா? அதனால் சில கிலோமீட்டர் வரை வண்டி முரட்டுத்தனமாகத்தான் போகும். அப்புறம் குலுங்கிக் குலுங்கியே அந்த எண்ணெய் சூடேறிவிடும். பள்ளத்தில் விழுகிற வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலையே.

மாமனார்: அப்படியானால் பள்ளமான சாலையில் போவது நல்லது.

மாப்பிள்ளை: ஷாக் அப்சார்பருக்கு. நமக்கில்லை. ஆனால் மாமா, குளிர் மட்டும் இப்படி அடிக்காது. டயரில் காற்று எவ்வளவு?

மாமனார்: காற்றா? ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு அழகாகப் பனி பெய்கிறது பாருங்கள்.

மாப்பிள்ளை: மாமா.

மாமனார்: 44.

மாப்பிள்ளை: 44 பி.எஸ்.ஐ.யா! யார் அடிக்கச் சொன்னது?

மாமனார்: வண்டிதான் சொன்னது. போன வாரம் காலையில் காற்று குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. டயரிலேயே 51 என்று எழுதியிருக்கிறதே, அடியுங்கள் என்றேன். காற்றடிக்கிறவர்தான் பயந்துபோய் 44இல் நிறுத்திவிட்டார். இந்தக் காலத்தில் யாருக்கும் துணிச்சலே இல்லை.

மாப்பிள்ளை: அவர் நன்றாக இருக்கட்டும். டயரில் எழுதியிருப்பது டயர் தாங்குகிற உச்ச அளவு. உங்கள் காருக்கு வேண்டியது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். 33.

மாமனார்: கதவைத் திறந்தால் நான் இருக்கையைப் பார்ப்பேனா, தூணைப் பார்ப்பேனா?

மாப்பிள்ளை: அந்த விளக்கு எரிந்ததற்குக் காரணமே குளிர்தான். 10 டிகிரி குறைந்தால் டயரில் ஒன்றரை முதல் 2 பி.எஸ்.ஐ. வரை தானாக இறங்கும். காற்று எங்கேயும் ஓடிப்போகவில்லை, சுருங்கி உட்கார்ந்திருக்கிறது.

மாமனார்: நானும் குளிரில் அப்படித்தான்.

மாப்பிள்ளை: அப்போது குறைந்ததை மட்டும் நிரப்பினால் போதும். அதுவும் வண்டி ஓடாமல் நின்று, டயர் ஆறியிருக்கும்போது அளந்து நிரப்ப வேண்டும். பள்ளத்தை முதலில் வாங்கிக்கொள்வது டயர். நீங்கள் அதைக் கல்லாக்கிவிட்டீர்கள். ஏற்கெனவே ரப்பர் விறைப்பு, எண்ணெய் கெட்டி. கல் டயரும் சேர்ந்தால் அடி முதுகெலும்புக்குத்தானே வரும்?

மாமனார்: (நோட்டில் மூன்றாவது புகாரை ஒரே கோடாக அடிக்கச் சொல்லிக் கண் காட்டுகிறார்.) இது நமக்குள் இருக்கட்டும். உங்கள் அத்தைக்குத் தெரிய வேண்டாம். அவள் அன்றைக்கே 44 எதற்கு என்று கேட்டாள்.

(கொஞ்ச தூரம் மௌனம். பிறகு பின்பக்கமிருந்து 'டொக்டொக்'.)

மாப்பிள்ளை: நிறுத்துங்கள், நிறுத்துங்கள். இது விளையாட்டில்லை. கிரீச்சோடு காலம் தள்ளிவிடலாம். டொக் அப்படியில்லை. ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியை இணைக்கிற லிங்க் ராடு தேய்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கிற மூட்டு, அதாவது பால் ஜாயின்ட், தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால், ஒருநாள் கழன்று சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் திரும்பிவிடும். இதற்குச் சூடு, குளிர் என்று கணக்கே கிடையாது. ஸ்டீயரிங் எங்கேயாவது இழுக்கிறதா? ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதா? சுருள்வில்லும் துருப்பிடித்து உடைவது உண்டு.

மாமனார்: (முகம் வெளுத்து) மாப்பிள்ளை, நான் இறங்கி நடந்தே வருகிறேன்.

மாப்பிள்ளை: இருங்கள், முதலில் டிக்கியைத் திறங்கள்.

(திறக்கிறார். ஸ்டெப்னிக்கு மேலே ஜாக்கி எதிலும் மாட்டாமல் தன்னிச்சையாகக் கிடக்கிறது. மாப்பிள்ளை அதை ஒரு விரலால் தட்டுகிறார். டொக்டொக்.)

மாமனார்: இதுதான் பால் ஜாயின்ட்டா?

மாப்பிள்ளை: (தொண்டையைச் செருமி) இது ஜாக்கி.

மாமனார்: ஒருநாள் கழன்று தன் பாட்டுக்கு ஒரு பக்கம் திரும்பிவிடுமா?

மாப்பிள்ளை: மாமா, நான் பொதுவாகச் சொன்னேன். இதை யார் எடுத்தது?

மாமனார்: நான்தான். கிரீச் எங்கேயிருந்து வருகிறது என்று அடியில் பார்க்க.

மாப்பிள்ளை: ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் போனீர்களா?

மாமனார்: பயப்படாதீர்கள். உங்கள் அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை: ஜாக்கி சரிந்தால் அத்தை என்ன செய்ய முடியும்?

மாமனார்: கால் மட்டுமாவது மிஞ்சும் என்றாள்.

மாப்பிள்ளை: இனிமேல் வேண்டாம். வண்டியைத் தாங்குகிற ஸ்டாண்டு வைக்காமல் அதற்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. மெக்கானிக்கே கொடுக்க மாட்டார். சரி, கிரீச்சைப் பிடிப்போம். முன்பக்கம் பானெட் மூலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி அழுத்தி விடுங்கள். நான் குனிந்து கேட்கிறேன்.

(மாமனார் அழுத்துகிறார். கிரீச். மறுபடி அழுத்துகிறார். கிரீச். மாப்பிள்ளை காதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்.)

மாப்பிள்ளை: வருகிறது! நிறுத்தாதீர்கள். ஆனால் சத்தம் நகர்கிறதே. இடது பக்கமா... இல்லை, மேலே... மாமா, நீங்கள் அழுத்துங்கள், ஆனால் முழங்காலை மடக்காதீர்கள்.

(மாமனார் விறைப்பாக நின்று அழுத்துகிறார். சத்தமில்லை.)

மாப்பிள்ளை: இப்போது அழுத்தாமல் முழங்காலை மட்டும் மடக்குங்கள்.

(கிரீச்.)

மாமனார்: (கொஞ்ச நேரம் கழித்து) இதற்கும் குளிர்தான் காரணமா?

மாப்பிள்ளை: அது என் துறை இல்லை. நீங்கள் நகருங்கள், நான் அழுத்துகிறேன்.

மாமனார்: டாக்டரிடம் போனாலும் இது சத்தம் போடுவதில்லை, மாப்பிள்ளை. அவரும் என்னை அதே பார்வைதான் பார்த்தார்.

(மாப்பிள்ளை அழுத்துகிறார். அடியிலிருந்து, தெளிவாக, கட்டில் சத்தம்: 'கிரீஈச்'.)

மாமனார்: அதேதான்! அதேதான்!

மாப்பிள்ளை: தண்ணீர் பாட்டில் இருக்கிறதா? (வாங்கிக்கொண்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை நீட்டி, கம்பியைப் பிடித்திருக்கும் புஷ் மேல் ஊற்றுகிறார். மறுபடி அழுத்துகிறார். நிசப்தம்.) பார்த்தீர்களா? ஈரம் பட்டதும் ரப்பர் கம்பியில் வழுக்குகிறது, சத்தம் போய்விட்டது. சந்தேகமே இல்லை, இந்த புஷ்தான். மழை நாளில் உங்களுக்குச் சத்தம் வந்திருக்காதே?

மாமனார்: (நோட்டைப் புரட்டுகிறார்.) "மழை. சத்தமில்லை. கடவுளுக்கு நன்றி." சரிதான். அப்படியானால் வேலை முடிந்தது. தினமும் கிளம்பும்போது ஒரு பாட்டில் ஊற்றினால் போதும்.

மாப்பிள்ளை: 10 நிமிடத்தில் காய்ந்துவிடும். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் உறைந்தும் விடும். அது இருக்கட்டும், இந்த புஷ் ஏன் ஒரு பக்கம் இப்படி உப்பிப்போய் இருக்கிறது? கையில் கருப்பாக ஒட்டுகிறதே?

மாமனார்: பனி எவ்வளவு அழகாக...

மாப்பிள்ளை: மாமா.

மாமனார்: கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டேன். கதவுக் கீல் கத்தினால் எண்ணெய் விடுவதில்லையா? ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை: கீல் இரும்பு. இது ரப்பர். இன்ஜின் ஆயிலைக் குடித்தால் ஊறி, உப்பி, வலுவிழந்துவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். இதற்கு அந்தக் காலமும் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் புஷ் மாற்ற வேண்டியதுதான். நல்லவேளையாக, சின்ன வேலை.

மாமனார்: சின்ன வேலைதான். ஆனால் அவரிடம் போய்ச் சேருவதற்குள் சத்தம் நின்றுவிடுமே. என் பேச்சை அவர் நம்ப மாட்டார்.

மாப்பிள்ளை: அதற்குத்தான் இன்றைக்குச் சாயங்காலமே வண்டியை அங்கே விட்டுவிட வேண்டும். இரவு முழுக்கக் குளிரில் வெளியிலேயே நிற்கட்டும். காலையில் முதல் ஆளாக அவரே வண்டியை எடுத்து, அவர் வாசல் வேகத்தடையில் அவரே ஏற்றி இறக்கட்டும். அவர் காதே சாட்சி.

மாமனார்: (முதல் முறையாகச் சிரிக்கிறார். உடனே நிறுத்திவிடுகிறார்.) அவர் 10 மணிக்குத்தான் திறக்கிறார். அதற்குள் வெயில் ஏறிவிட்டால்?

மாப்பிள்ளை: சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

மாமனார்: நான் சொன்னால் வர மாட்டார். என்னைத்தான் அவர் அப்படிப் பார்த்துவிட்டாரே. நீங்கள் படித்தவர், குட்இயர் எல்லாம் தெரிந்தவர். நீங்கள் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் வருவார்.

மாப்பிள்ளை: எத்தனை மணிக்கு?

மாமனார்: குளிர் நன்றாக இருக்கும்போதுதான். ஒரு 5 மணி என்று வைத்துக்கொள்வோமா? நீங்கள் கவலைப்படாதீர்கள் மாப்பிள்ளை, 4 மணிக்கு நானே வந்து எழுப்பிவிடுகிறேன்.