எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு

சனிக்கிழமை ஃப்ளோரிடாவில் ஒரு தீம் பார்க் வாசலில், கண் தெரியாத என்னையும் எனக்கு வழிகாட்டுகிற சேவை நாயையும் நிறுத்தி ஊழியர்கள் கார்டு கேட்டதையும், நான் வாக்குவாதம் செய்ததையும் வீட்டுக்காரர் எடுத்த வீடியோவில் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை எல்லாம் என் போன் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

"ஒரு கார்டைக் காட்டிட்டுப் போயிருக்கலாமே அக்கா, எதுக்கு இவ்வளவு வாக்குவாதம்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அன்பாகத்தான் கேட்டிருக்கிறார், அதனால் முதல் பதில் அவருக்கு.

தம்பி, சட்டம் கேட்கிற கார்டு என்று ஒன்று இல்லவே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக 1990-இல் அமெரிக்காவில் வந்த ஏடிஏ சட்டப்படி வாசலில் நிற்கிற ஊழியர் இரண்டே கேள்விதான் கேட்கலாம். குறைபாட்டால் தேவைப்படுகிற சேவை நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? அவ்வளவுதான். பேப்பர் கேட்கக் கூடாது. எனக்கு என்ன குறை என்று கேட்கக் கூடாது. நாயை ஏதாவது செய்து காட்டச் சொல்லக் கூடாது. அன்று அவர்கள் இந்த மூன்றையும் செய்தார்கள்.

நாயைப் பழக்கிய பள்ளி கொடுத்த அட்டை ஒன்று என் பையில் இருக்கிறது. அன்றும் இருந்தது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. நான் காட்டினால் எனக்குப் பின்னால் வருகிறவரிடமும் கேட்பார்கள். தன் நாயைத் தானே பழக்கிக் கூட்டி வருகிறவருக்கும் அதே சட்டம் அதே உரிமையைத் தருகிறது. அவரிடம் எந்த அட்டையும் இருக்காது. எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக அவர் வழியில் நான் ஏன் ஒரு கதவைப் போட வேண்டும்?

"அப்போ யார் வேணும்னாலும் வீட்டு நாயைக் கூட்டிட்டு வந்து ஏமாத்தலாமே" என்று நாலைந்து பேர். ஏமாற்றுகிறவர்களிடம்தான் ஐயா கார்டு பளபளவென்று இருக்கிறது. இணையத்தில் பணம் கட்டினால் கார்டு, நாய்க்குப் போடுகிற சட்டை, சான்றிதழ் எல்லாம் வீட்டுக்கே வரும். சட்டத்தின் முன் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஃப்ளோரிடாவில் 2015 முதல் சேவை நாய் என்று பொய் சொல்வதே குற்றம். போலிகளால் முதலில் அடிபடுகிறவர்களும் நாங்கள்தான். பழக்காத நாய் ஒன்று பாய்ந்து வந்தால் மிரளப் போவது வேலையில் இருக்கிற என் நாய். அதனால் நடத்தையைப் பாருங்கள். கட்டுக்கு அடங்காமல் திரிகிற நாயை வெளியே அனுப்பச் சட்டமே இடம் கொடுக்கிறது. என் நாய் அன்று வரிசையில் என் காலடியில் படுத்திருந்தது. வீடியோவில் தெரிகிறது என்றார்கள்.

அலர்ஜி, பயம் என்கிறவர்களுக்கு: புரிகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நானும் தள்ளி நிற்கிறேன். அதைச் சொல்லி என்னை வெளியே அனுப்ப முடியாது.

வெள்ளைக் கோலோடு போயிருக்கலாமே என்கிறவர்களுக்கு: எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்பதை நடக்கிறவள் முடிவு செய்யட்டும்.

ரொம்ப வலித்தது வேறு ஒன்று. "வாயில்லா ஜீவனை வெயிலில் இழுத்துக்கொண்டு போய் வதைக்கிறாயே." நான் "ஃபார்வர்ட்" என்று சொன்னாலும், எதிரே வண்டி வந்தால் என் பேச்சைக் கேட்காமல் அப்படியே நின்று என்னைக் காப்பாற்றுகிற பிள்ளை அது. அதை நான் வதைப்பேனா? தரையில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை நடக்க விடுகிறேன். சூடு என்றால் காலுக்கு ஷூ. எனக்கு முன்னால் அதற்குத் தண்ணீர். நாய்கள் ஒதுங்குவதற்கென்று டிஸ்னி வேர்ல்ட் மாதிரிப் பெரிய பூங்காக்களில் தனி இடங்களே இருக்கின்றன, வரைபடத்தில் குறித்திருப்பார்கள். அங்கே சுத்தம் செய்வதும் நான்தான். ரோலர் கோஸ்டரில் நாயை ஏற்றக் கூடாது என்பது எனக்கும் தெரியும், அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. ஒருவர் நாயோடு நிற்பார், மற்றவர் ஏறுவார், அப்புறம் மாற்றிக்கொள்வோம். மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இப்படி ஏற்பாடு இருக்கிறது, வருடக்கணக்காக நடக்கிறது. இதே நாயோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன், வங்கிக்குப் போனேன், அப்போதெல்லாம் அதன் மேல் யாருக்கும் இரக்கம் வரவில்லை. நான் சிரிக்கப் போன இடத்தில் வந்துவிட்டது.

விஷயமே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பிரச்சினை கார்டும் இல்லை, நாயும் இல்லை. "கண்ணு தெரியாதவங்களுக்கு அங்க என்ன வேலை?" என்று ஒருவர் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். மற்றவர்கள் அதையே மரியாதையாகச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறீர்கள். அவசியத்துக்கு வெளியே வந்தால் பாவம் என்கிறீர்கள், சந்தோஷத்துக்கு வந்தால் திமிர் என்கிறீர்கள்.

சின்ன வயசில் மதுரை தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்குப் போவோம். ராட்டினத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏறுவார்கள், நான் கீழே செருப்புகளுக்குக் காவல். "உனக்கு ஏறி என்ன தெரியப் போகுது" என்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, என் சொந்த அத்தைகள்தான். ஒரு வருஷம் சித்தப்பா யாரையும் கேட்காமல் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். மேலே போகப் போக மைதானத்துச் சத்தம் முழுக்கக் காலுக்குக் கீழே இறங்கியது. மிளகாய் பஜ்ஜி வாசனை போய்க் காற்று மட்டும் இருந்தது. உச்சியில் நின்றபோது தொட்டில் லேசாக ஆடியது. நான் கத்திய கத்தலை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு என்ன தெரிந்தது என்று இன்னும் கேட்கிறீர்களா?

வேகம் வயிற்றில் தெரியும். திருப்பம் தோளில் தெரியும். மற்றவர்கள் பார்க்கிற காட்சியைக் காதில் விவரித்துச் சொல்லும் கருவியைக்கூட டிஸ்னியில் கொடுக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களும் வருவார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்ததால்தான் அது இருக்கிறது. நம் ஆட்களுக்கு மட்டும் அந்த யோசனை வருவதற்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

நாயின் பெயரைக் கேட்டவர்களுக்குச் சொல்ல மாட்டேன். அது வேலையில் இருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கவனம் சிதறும். சிதறினால் விழப்போவது நான்.

பூங்காவுக்கு எழுதிப் போட்டிருந்தேன். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகப் பதில் வந்திருக்கிறது. பணம் வேண்டாம், வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த இரண்டு கேள்வியையும் சொல்லிக்கொடுத்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள் என்று நேற்று ராத்திரி திரும்ப எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.