47 வயதில் ஒரு தேர்வு

போன வருஷம் ஒரு ராத்திரி, பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் புதிய பதிப்பு ஏற்றும் நேரம். ஒரே ஒரு பாட் (மென்பொருள் ஓடும் சின்ன அலகு) மட்டும் ‘பெண்டிங்’ என்று நின்றுகொண்டே இருந்தது. 22 வருஷம் லினக்ஸ் சர்வர்களோடு பழகிய பழக்கத்தில் டிஸ்க், மெமரி, நெட்வொர்க் என்று நான் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த இளைஞன் விவரம் காட்டும் ‘டிஸ்கிரைப்’ கட்டளையைப் போட்டு, அடியில் வந்த ஈவென்ட்ஸ் பகுதியைப் படித்தான். “நோடுல டெய்ன்ட் இருக்கு சார், அதான் உட்கார மாட்டேங்குது.” அந்தச் சர்வரில் பாட் ஏறாதபடி தடை போட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குபர்னெட்டீஸ் சான்றிதழ் தேர்வு எழுதலாமா என்ற யோசனை அன்றைக்குத்தான் வந்தது.

“இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். வேலை தேடும் வயதில் சான்றிதழ் இருந்தால் விண்ணப்பத்தை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். எங்களை மாதிரி ஆட்களிடம் செய்த வேலையைத்தான் கிளறிக் கிளறிக் கேட்பார்கள். அதனால், இருக்கிற அனுபவத்தை நிரூபிப்பதற்காக யாரும் தேர்வு எழுத வேண்டாம் என்பது என் கட்சி. தெரியாததைக் கற்க எழுதலாம். அது இல்லாமல் ஒரு பொறுப்புக்குப் போகவே முடியாது என்றாலும் எழுதலாம்.

சைபர் பாதுகாப்புத் துறைக்கு மாற நினைப்பவர்களுக்கு நம் வருஷங்களே கைகொடுக்கும். அந்தத் துறையின் சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. அதன் 8 பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் 5 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். கணினி சார்ந்த பட்டப்படிப்பு இருந்தால் ஒரு வருஷம் கழித்துக்கொள்வார்கள்.

நான் தேர்ந்தெடுத்தது சி.கே.ஏ. என்கிற குபர்னெட்டீஸ் நிர்வாகிச் சான்றிதழ். நாலு விடையில் ஒன்றைக் குறிக்கிற தேர்வு இல்லை அது. 2 மணி நேரம் டெர்மினலில் உட்கார்ந்து நிஜமாகவே கிளஸ்டரை, அதாவது சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டத்தை, சரிசெய்ய வேண்டும். 66 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குபர்னெட்டீஸ் டாக்குமென்டேஷனைத் தேர்வின்போதே திறந்து பார்க்கலாம். என்னை இழுத்தது இந்த ஒரு விதிதான். மனப்பாடம் முன்போல ஏறுவதில்லை. ஆனால் எதைச் சந்தேகப்பட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் கைக்குப் பழகிவிட்டது. டம்ப் (கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு) வாங்கி உருப்போட்டு எழுதுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நடுராத்திரி சர்வர் படுத்துவிட்டால் அந்தச் சான்றிதழை நம்பி உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்புறம், பணம் கட்டுமுன் காலாவதியைப் பாருங்கள். முன்பு 3 வருஷம் செல்லுபடியான சி.கே.ஏ. 2024 ஏப்ரலிலிருந்து 2 வருஷம்தான். சி.ஐ.எஸ்.எஸ்.பி.யைத் தக்கவைக்க 3 வருஷத்தில் 120 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இன்னும் எத்தனை வருஷம் வேலையில் இருப்போம், அதற்குள் எத்தனை தடவை புதுப்பிக்க வேண்டிவரும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்குச் சரியாகத்தான் பட்டது.

இப்போது தினமும் விடிகாலையில் ஒரு மணி நேரம். கிளஸ்டரின் நிலையைச் சேமித்து வைக்கும் எட்சிடி தரவுத்தளத்தை பேக்கப் எடுத்து, அதிலிருந்து கிளஸ்டரை மீட்க முதல் தடவை 40 நிமிஷம் ஆனது. நேற்று 9. தேர்வுக்கு இன்னும் 6 வாரம் இருக்கிறது. சனிக்கிழமை ஒரு கிளஸ்டரை எனக்குச் சொல்லாமல் உடைத்து வைக்கும்படி அந்த இளைஞனிடமே கேட்டிருக்கிறேன்.