சாவி யார்கிட்ட இருக்கு?

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்த ஒன்றரை நிமிட வீடியோ இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். தர்மபுரிக் கூட்டம், மேடையில் நம்மூரிலிருந்து போய் பெங்களூரில் கம்பெனி நடத்தும் அந்த அண்ணன், எழுந்து கேள்வி கேட்ட இறுதியாண்டுப் பெண். புதுத் தொழில்நுட்பங்களையும் சமூகத் தொழில்முனைவையும் எப்படி நிர்வகிப்பது என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறதே, சேரலாமா என்று கேட்டாள். "நம்ம தர்மபுரிக்கு அதெல்லாம் எதுக்கும்மா? கோடிங் கத்துக்கோ. இல்லையா, ஒரு டீக்கடை போடு, அதுவும் ஸ்டார்ட்அப்தான்" என்றார். அரங்கமே சிரித்தது. அந்தப் பெண்ணும் கையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். அத்தோடு வீடியோ முடிகிறது. யாரோ அதற்கு அழுதுகொண்டே சிரிக்கும் எமோஜி போட்டு அனுப்பியிருந்தார்கள்.

நான் அந்தப் படிப்பைப் படித்தவள். வெளி மாநிலத்தில், கடன் வாங்கி, இரண்டு வருடம். அதனால் இது எனக்கும் சேர்த்து விழுந்த அடிதான், நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

பெயர் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். கல்யாண வீட்டில் "என்னம்மா படிச்சிருக்க?" என்று கேட்பவரிடம் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பந்திக்குப் போய்விடுவார். அம்மாவிடம் ஒருநாள் பொறுமையாக விளக்கினேன். ஒரு புதுக் கருவி ஊருக்குள் வந்தால் செலவு யாருக்கு, லாபம் யாருக்கு, கெட்டுப்போனால் பொறுப்பு யார், விதியை யார் எழுதுவது. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பஞ்சாயத்து பண்றதைப் படிக்கறேன்னு சொல்லு" என்றாள். என் பேராசிரியர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் 2016-ல் ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணத்தில் ஆர்ஓ தண்ணீர் நிலையம் வைத்தது. லாபம் ஓர் அளவைத் தாண்டும் கம்பெனிகள் அதில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது, அந்தப் பணம். ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு குடம். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேனை மாற்ற வேண்டும் என்றார்கள். நாணயப் பெட்டியில் விழுந்த காசு எங்கே? சாவி வைத்திருந்த பையன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கம்பெனியைக் கேட்டால் ஊரிடம் ஒப்படைத்தாயிற்று என்றது. ஊர் என்றால் யார்? காகிதத்தில் ஒரு கையெழுத்து இருந்தது, போட்டவர் உயிரோடு இல்லை. போன பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்து, நாணயம் போடும் ஓட்டையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

மிஷினில் ஒரு குறையும் இல்லை. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நான் இரண்டு வருடம் படித்தது இந்தச் சாவியைப் பற்றித்தான் அண்ணா. கோடிங் கற்றுக்கொண்டால் அந்தப் பூட்டு திறக்குமா?

"நம்ம தர்மபுரிக்கு எதுக்கு" என்றார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தர்மபுரிக்கு இல்லாமல் வேறு எந்த ஊருக்கு? திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் லாரி வந்து நின்றபோது ஊரே கூடித் தேங்காய் உடைத்தது. கிணற்றில் இறங்கத் தேவையில்லை, குழாயில் தண்ணீர். பாறைக்குள் ஆழமாகப் போகப் போக ஃபுளோரைடும் சேர்ந்து வரும் என்று தேங்காய் உடைத்தவருக்குத் தெரியுமா? லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் தாங்கும் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் காவியேறியது, அப்புறம் மூட்டும் எலும்பும் பிடித்துக்கொண்டது. அம்மா போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவாள். வெட்கம் என்று நினைத்திருந்தேன். வகுப்பில் கோலிங்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் 1980-ல் சொன்னதைப் படித்தேன்: ஒரு தொழில்நுட்பம் புதிதாக வரும்போது மாற்றுவது சுலபம், ஆனால் விளைவு தெரியாது. விளைவு தெரியும் காலத்தில் மாற்ற முடியாதபடி ஊன்றிவிடும். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அம்மாவின் முந்தானை ஞாபகம் வந்தது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல் வந்தது, ஜப்பான் கடனோடு, 1,900 கோடிக்கு மேல் செலவில். போட்ட போர்வெல்லின் விளைவைச் சரிசெய்ய ஆன விலை அது.

தமிழ்நாட்டில் துல்லியப் பண்ணையமும் இங்கேதான் தொடங்கியது. 2004-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் 400 ஹெக்டேரில் சொட்டுநீர், கரையும் உரம் என்று இறக்கியது. முதல் வருடம் முழு மானியம் கொடுத்தும் விவசாயிகள் தயங்கினார்கள். அடுத்தடுத்த வருடம் மானியத்தைக் குறைத்தார்கள், ஆட்கள் தேடி வந்தார்கள். காரணம் குழாய் மட்டுமில்லை, விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து, சங்கமாகப் பதிவு செய்து, சேர்ந்து விற்க வைத்ததும்தான். குழாயைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறோம், சங்கத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவை அரசு முதன்முதலில் தொடங்கிய இடம் இந்தத் தர்மபுரி மாவட்டம். 1989, ஐநாவின் வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரிக்குள்தான். அம்மா எங்கள் ஊர் முதல் சங்கத்தில் இருந்தாள். தகரப் பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தி வீட்டில், கணக்கு நோட்டு மூன்றாவது வீட்டில். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் பெட்டி திறக்கும். எட்டாவது தாண்டாத பெண்கள். ஆர்ஓ நிலையத்தை வைத்த எம்பிஏக்களுக்கு வராத யோசனை.

இப்போது கமெண்டுக்கு வருவீர்கள், தெரியும். "அப்ப படிக்காதவங்களே பண்ணிட்டாங்களே, உனக்கு எதுக்குப் படிப்பு?" சரியான கேள்வி. நம் மாவட்டத்து மலைப்பகுதியான சிட்லிங்கியில் 1993-ல் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கிய டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும்கூட இப்படியொரு கோர்ஸ் முடித்துவிட்டு வரவில்லை. அங்கே மலைவாழ் பெண்களையே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள். ஆனால் ஓர் ஊரில் நடந்தது அடுத்த ஊரில் ஏன் நடக்கவில்லை என்று உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? நல்ல மனசு இருந்தால் போதும் என்றால் எங்கள் ஊர் ஆர்ஓ ஓடியிருக்கும்.

"வேலை கிடைக்குமா?" கிடைக்கும், சுமாராக. ஓசூரில் ஷிப்டுக்குப் போகும் என் தம்பி என்னைவிட அதிகம் வாங்குகிறான், தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சொல்லியும் காட்டுகிறான். எனக்கு ஓர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் வேலை. பத்து விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்யலாம், யாரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று ராயக்கோட்டை தக்காளி மண்டியில் விடியற்காலை நின்று பார்த்தால்தான் புரியும். போன வருடம் இரண்டு பையன்கள் விலை காட்டும் செயலியோடு வந்தார்கள். நல்ல பையன்கள். விலை அழகாகத் தெரிந்தது. ஆனால் மண்டிக்காரரிடம் நடவுக்கே முன்பணம் வாங்கியவர் அந்த மண்டியைவிட்டு எங்கே போவார்? செயலியில் அதற்கு ஒரு பட்டனும் இல்லை.

"இது வெளிநாட்டுச் சரக்கு" என்பவர்களுக்கு: இருக்கட்டுமே. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஆய்வு மையம் 1966-லேயே வந்துவிட்டது. டெல்லி ஜேஎன்யூவிலும் அறிவியல் கொள்கைக்குத் தனி மையம் இருக்கிறது, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் (டிஸ்) சமூகத் தொழில்முனைவுக்கு முதுகலை இருக்கிறது. அங்கெல்லாம் படிக்கலாம், இங்கே மட்டும் டீக்கடையா?

டீக்கடை என்றதும், நான் டீக்கடையைக் கேவலமாகச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். என் பெரியப்பா இருபத்திரண்டு வருடம் பாலக்கோடு ரோட்டில் டீ ஆற்றித்தான் எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரியை வாங்கிக் கொடுத்தார். அவர் கடையில் யாரும் எந்தப் பெண் பிள்ளையையும் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை. பெங்களூருக்குச் சித்தாள், திருப்பூருக்கு டெய்லர், ஓசூருக்கு ஷிப்ட் ஆள். இதற்குமேல் நம் பிள்ளைகள் கேட்டால் ஏன் சிரிப்பு வருகிறது? வேலை செய்ய நாம், விதி எழுத வேறு யாரோவா? பெட்டி நம் தலையில், சாவி அவர்கள் இடுப்பில், அப்படித்தானே அண்ணா?

கோபத்தில் நீண்டுவிட்டது. அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இதை அவளிடம் காட்டுங்கள். என் பழைய நோட்டும் ஜெராக்ஸும் ஒரு சிமெண்ட் சாக்கு நிறைய இருக்கிறது, எலி கடித்த இரண்டைத் தவிர எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. கல்விக்கடனுக்கு என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்பதும் மனப்பாடம்.

அப்புறம், அண்ணன் பெயரைக் கமெண்டில் போடாதீர்கள், அழித்துவிடுவேன். அவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். நேற்று ராத்திரி என் பட்டமளிப்பு விழா போட்டோவுக்கு ஹார்ட் போட்டிருக்கிறார்.