திட்டினால்தான் படிப்பான் என்று சொல்லும் பெற்றோருக்கு

பெரம்பூரில் எட்டாவது முதல் பத்தாவது வரை கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பள்ளியில் பரீட்சைப் பேப்பர் கொடுக்கும் வாரம் வந்தால் போதும், யாராவது ஒரு அப்பா பையனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே, "சார், இவன் சுத்த தண்டம், நல்லா நாலு திட்டு திட்டுங்க, அப்பத்தான் உறைக்கும்" என்பார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த அப்பா கெட்டவர் இல்லை, ஓவர்டைம் பார்த்து ஃபீஸ் கட்டுபவர். ஆனால் அவருடைய நம்பிக்கை தப்பு.

திட்டினால் அடுத்த டெஸ்டில் மார்க் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஏமாறுவதே அங்கேதான். 1925-லேயே எலிசபெத் ஹர்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்குகள் கொடுத்து, ஒரு குழுவை எல்லார் முன்னாலும் பாராட்டினார், இன்னொன்றைக் கண்டித்தார், மூன்றாவதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆரம்பத்தில் திட்டு வாங்கியவர்களும் முன்னேறினார்கள், ஆனால் அது நிலைக்கவில்லை. பாராட்டு வாங்கியவர்கள்தான் தொடர்ந்து நன்றாகச் செய்தார்கள். நம் வீடுகளில் அந்த முதல் ஏற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாகத் திட்டுகிறோம்.

"நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று மொத்த வகுப்புக்கு முன்னால் கேட்ட பையன் அப்புறம் சந்தேகமே கேட்க மாட்டான். நான் பக்கத்தில் போனால் கையால் நோட்டை மறைப்பான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே பயம் வந்துவிட்ட பிள்ளைக்கு அல்ஜீப்ரா எங்கிருந்து ஏறும்? (மாடு மேய்ப்பதையும் கேவலமாக்கிவிட்டோம், அது தனி வருத்தம்.)

சரி, அப்போது வாய் நிறையப் புகழ்ந்துகொண்டே இருக்கலாமா என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. கிளாடியா மியூல்லர், கரோல் டிவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிர்களில் சறுக்கிய பிறகு, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் சோர்ந்துபோனார்கள், பலர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. என்னிடம் 'மேத்ஸ் புலி' என்று பெயர் வாங்கிய ஒரு பெண் இருக்கிறாள், புதுமாதிரிக் கணக்கு வந்தால் தொடவே மாட்டாள், தப்பாகிவிட்டால் அந்தப் பெயர் போய்விடுமே என்ற பயம். மக்கு என்றாலும் புலி என்றாலும் பிள்ளையின் மேல்தான் முத்திரை குத்துகிறோம், அது செய்த வேலையைப் பார்ப்பதே இல்லை. "மூணாவது வரியில குறி மாறினத நீயே கண்டுபிடிச்சிட்டியே, எப்படி?" என்று அவளிடம் ஒரு நாள் கேட்டபோது, அவள் விளக்கிக்கொண்டே அடுத்த கணக்குக்கும் போய்விட்டாள்.

பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அபார்ட்மெண்ட் லிஃப்டிலும் நாம் இன்னும் நிறுத்தவில்லை. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது, இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பள்ளியில் இப்படி நடந்தால் தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள், குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும் இருக்கிறது.

என்னிடம் வரும் பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். குறை சொல்ல வேண்டுமென்றால் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் நின்று கேட்கிறேன்.