பாலைப்பழத்துக்காகக் கொப்பு வெட்டாதீர்கள்

முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் பாலை மரம் பழுக்கத் தொடங்கிவிட்டது. நேற்று வீதியோரத்தில் ஒரு பை வாங்கினேன். பாதி மஞ்சள், பாதி செங்காய். ஒன்றைக் கடித்ததுமே பால் கசிந்து உதடு ஒட்டிக்கொண்டது. கொப்போடு வெட்டி இறக்கியது என்று அப்போதே விளங்கிவிட்டது. மரத்தில் நன்றாகக் கனிந்த பழம் இவ்வளவு ஒட்டாது.

எங்கள் அம்மம்மா மரத்துக்குக் கீழே பாயை விரிப்பா. பெடியன் ஒருவன் ஏறி உலுக்குவான். விழுந்தது எங்களுக்கு, விழாதது மரத்துக்கு. கத்தி கொண்டுபோக விடமாட்டா. கரடிக்கும் இதுதான் சாப்பாடு என்பதால், பாலை பழுக்கும் காலத்தில் தனியாகவும் விடமாட்டா. சத்தம் போட்டுக் கதைத்தபடி கூட்டமாகத்தான் போவோம்.

வீட்டுக்கு வந்ததும் பாணி காய்ச்சுவது தொடங்கும். பழத்தைக் கையால் பிசைந்து, விதையை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு வெள்ளைச் சீலையில் வடித்து, மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் வைப்பா. சீனி ஒரு கரண்டியும் போடுவதில்லை. விடாமல் துழாவ வேண்டும், கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துக் கைத்துவிடும். அகப்பையைத் தூக்கினால் தேன்போல நூலாக இறங்க வேண்டும், அதுதான் பதம். ஒரு கடகம் பழம் வற்றி இரண்டு போத்தலாகும். மாரியில் சுடுபுட்டுக்கு அந்தப் பாணியை விட்டுச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். செங்காயில் இந்தப் பாணி வரவே வராது. பாலும் துவர்ப்பும்தான் மிஞ்சும்.

வேப்பம்பூவுக்கும் இதே பாய்தான். உதிர்ந்த பூவைக் கூட்டியெடுத்து, அரைத்த உழுந்து, செத்தல் மிளகாய், வெங்காயம், பெருஞ்சீரகம் சேர்த்துத் தட்டி வெயிலில் காயவைத்தால் வடகம். சோற்றுக்கு அதைப் பொரித்துவிட்டால் வேறு கறி தேவையில்லை. வேப்பமரத்தை யாரும் இதற்காக வெட்டுவதில்லையே. பாலையை மட்டும் ஏன் வெட்டுகிறோம்?

பாலை மெதுவாக வளரும் மரம். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் இடுப்பளவு நின்ற கன்று இன்றைக்கும் என் தலைக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. ஒரு பெருங்கொப்பு போனால் அது திரும்பி வர எத்தனை வருடம் என்று யோசித்துப் பாருங்கள்.

போர் முடிந்து 2010இல் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் காணிக்குப் பின்னால் பாலை நிறையப் பழுத்திருந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருந்ததால் கிட்டப் போக முடியவில்லை. கண்ணிவெடிக் காணிக்குள் பழம் சொரிந்து கிடப்பதை அம்மம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. அந்தப் போர் விட்டுவைத்த மரங்களைத்தான் இப்போது ஒரு பை பழத்துக்காக வெட்டுகிறோம்.

விற்கிறவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காசில் அடுப்பெரிகிற வீடுகளை எனக்குத் தெரியும். வாங்குகிற நாங்கள்தான் கேட்க வேண்டும்: "அண்ணை, உலுக்கினதோ, வெட்டினதோ?" செங்காய் கலந்திருந்தால் வாங்காதீர்கள். கனிந்த பழத்துக்கு அவர்கள் கொஞ்சம் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பாயோடு போகிறேன். பாணி காய்ச்சப் பழக விரும்புகிறவர்கள் வாருங்கள். அம்மம்மாவின் பெரிய சட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது.