ஸ்கிரிப்ட்டுக்குத் தன் வீடு எதுன்னு தெரியணும்

கடைக்காரர் ஒருத்தருக்கு, பில்லிங் டேட்டாபேஸை ராத்திரியில் பேக்கப் எடுக்க ஒரு குட்டி பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதிக் கொடுத்தேன். மொத்தமே பன்னிரண்டு வரி. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் கையால் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்திலேயே 'பேக்கப்' ஃபோல்டரில் ஃபைல் வந்து உட்கார்ந்தது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு மறந்தே போனேன்.

மூன்று மாதம் கழித்து போன். "தம்பி, பையன் போன மாசத்து பில்லையெல்லாம் அழிச்சிட்டான், எடுத்துக் குடுங்க." திறந்து பார்த்தால், அன்றைக்கு நான் கையால் ஓட்டியபோது வந்த ஒரே ஒரு ஃபைல்.

வயிற்றைக் கலக்கிவிட்டது. லாக்கில் ஒரு எரர்கூட இல்லை. அரைமணி நேரம் துழாவிய பிறகு, ரூட் எனும் நிர்வாகி யூசரின் ஹோம் டைரக்டரியில் இன்னொரு 'பேக்கப்' ஃபோல்டர் கண்ணில் பட்டது. உள்ளே நாளுக்கு ஒன்றாகத் தொண்ணூறு சொச்சம் ஃபைல், சமர்த்தாக!

கிரான் எந்த வேலையையும், அது எந்த யூசர் பெயரில் ஓடுகிறதோ அந்த யூசரின் ஹோம் டைரக்டரியில் நின்றுதான் தொடங்கும். நான் எழுதியதோ 'புள்ளி ஸ்லாஷ் பேக்கப்'. அந்தப் புள்ளி ஸ்கிரிப்ட் இருக்கும் இடமல்ல, அதைக் கூப்பிட்டவர் நிற்கும் இடம். போதாக்குறைக்கு ஃபோல்டர் உருவாக்கும் 'எம்கேடிர் மைனஸ் பி' கட்டளை வேறு போட்டிருந்தேன். ஃபோல்டர் இல்லையென்றால் சத்தம் காட்டாமல் உருவாக்கிக் கொடுத்துவிடும். அது இல்லாதிருந்தால் முதல் ராத்திரியே எரர் கத்தியிருக்கும்.

முழு பாத்தையும் எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். சர்வர் மாறினால்? வேறொருவர் கிட்டில் க்ளோன் செய்து தன் மெஷினில் ஓட்டினால்?

ஸ்கிரிப்ட்டே தான் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அதில் என் கோபம் பாஷ் மேல்தான். பிஎச்பி 5.3-லேயே, 2009-ல், அதை 'டிர்' என்று ஒற்றைச் சொல்லாகக் கொடுத்துவிட்டார்கள். ரூபி 2013-ல் கொடுத்தது. நாம் கிண்டலடிக்கும் விண்டோஸ் பேட்ச் ஃபைலில்கூட நாலைந்து எழுத்தில் வேலை முடியும். பாஷிலோ ஸ்கிரிப்ட்டின் பெயரைத் தரும் 'டாலர் ஜீரோ'வை நம்பினால், சோர்ஸ் செய்து (நடப்பு ஷெல்லுக்குள்ளேயே) ஓட்டும்போது அது ஷெல்லின் பெயரைத்தான் சொல்லும். சரி, ஃபைலின் பாத்தைத் தரும் 'பாஷ்_சோர்ஸ்' எடுத்து, டிர்நேம் போட்டு ஃபோல்டரைப் பிரித்து, அதற்குள் சிடி பண்ணிப் போய், நிற்கும் இடத்தை பிடபிள்யூடியிடம் கேட்டு என்று மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டும். யாராவது, சிடி தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் சிடிபாத் வேரியபிளை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால், சிடி தானாக ஒரு வரியைத் துப்பி அந்த மந்திரத்தையும் கெடுக்கும். சிம்லிங்க் (வேறொரு ஃபைலைக் காட்டும் குறுக்குவழி) வழியாக ஓட்டினால் லிங்க் இருக்கும் இடம்தான் வரும். அதற்கு, உண்மையான ஃபைலின் இடத்தைத் தேடித் தரும் ரீட்லிங்க் மைனஸ் எஃப். மேக்கில் ரொம்ப காலம் அது இல்லாமலே இருந்தது.

பைத்தானில் வேறு கூத்து. பக்கத்து ஃபைலை இம்போர்ட் செய்தால் வரும், ஓப்பன் செய்தால் வராது. புதிதாகக் கற்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இம்போர்ட் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலும் தேடும். ஓப்பன், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் மட்டும். பாத்களைக் கையாளும் பாத்லிப்பில், ஸ்கிரிப்ட்டின் பாத் இருக்கும் 'ஃபைல்' வேரியபிளைக் கொடுத்து ரிசால்வ், பேரன்ட் என்றால் தீர்ந்தது. அதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தால் என்ன?

கடைக்காரருக்கு இந்தக் கதை தெரியாது. பில் திரும்பி வந்த சந்தோஷத்தில் அரைக்கிலோ மைசூர்பா கொடுத்தனுப்பினார். ஸ்கிரிப்ட்டைத் திருத்தியபின்தான் டப்பாவையே திறந்தேன்.